பைக்குள் வைத்த இரும்பு

நான் நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆனால் வவுனியாவில் இருந்து கிளிநொச்சி வரைக்கும் இரும்பைப் பற்றி என்னைவிடத் தெரிந்த ஒருவனைக் கொண்டுவந்து நிறுத்துங்கள், அன்றைக்கே கடையைச் சாத்திவிடுகிறேன். ஒரு துண்டைக் கையில் எடுத்தால் அது எந்த வாகனத்தின் எந்த உறுப்பு, எத்தனை கிலோ என்று தராசு இல்லாமல் சொல்வேன். நான் சொன்ன நிறை பிழைத்தது கிடையாது. பிழைத்ததாக ஒருவரும் சொன்னதும் கிடையாது.

சண்டை முடிந்து சனம் முகாமில் இருந்து திரும்பி வந்து தறப்பாள் கூரைக்குக் கீழே குந்திக்கொண்டு அழுத நாட்களில், நான் ஒரு சைக்கிளும் இரண்டு உரப்பையும் வைத்துக்கொண்டு இரும்பு பொறுக்கினேன். கண்ணிவெடி கிடந்த பற்றைக்குள் காலை எங்கே வைக்கலாம், எங்கே வைக்கக் கூடாது என்று மண்ணைப் பார்த்தே கண்டுபிடித்தேன். என்னோடு பொறுக்க வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவனுக்கு இப்போது முழங்காலுக்குக் கீழே இல்லை. மற்றவனை நாங்கள் உரப்பையில்தான் வீட்டுக்குக் கொண்டுபோனோம். அவன் தாய் பையை அவிழ்க்கச் சொன்னா. நான் அவிழ்க்கவில்லை. எனக்கு ஒரு கீறல்கூட இல்லை. அதிர்ஷ்டம் என்பார்கள். அதெல்லாம் சும்மா கதை. கெட்டித்தனம்.

அப்படி வந்ததுதான் மாங்குளத்தில் பெரிய வீதியில் இருந்து கொஞ்சம் உள்ளே இருக்கும் என் பழைய இரும்பு வளவு. இரண்டு லொறி, ஒரு பெரிய தராசு, எரிந்த பஸ்கள் நாலு, மலை மலையாகத் துருப்பிடித்த சாமான். இதில் பாதி நானாவுடையது. நானா என்று நான் சொல்வது என் பங்காளியை. முல்லைத்தீவு முஸ்லிம். நானா என்றால் அவர்களின் பேச்சில் அண்ணன்; என்னைவிட நாலு வயது இளையவர் என்றாலும் ஊர் முழுக்க அவரை நானா என்றுதான் கூப்பிடும், நானும் அப்படித்தான். தொண்ணூறாம் ஆண்டில் இயக்கம் அவர்களின் சனம் முழுவதையும் வெளியேறச் சொன்னபோது, கையில் ஒரு பையோடு புத்தளத்துக்குப் போனவர். இருபது வருடம் கழித்து, காணிப் பத்திரத்தை அதே பைக்குள் வைத்துக்கொண்டு திரும்பி வந்தவர். வந்த முதல் கிழமையே என் வளவுக்கு ஒரு உடைந்த தண்ணீர்ப் பம்பைக் கொண்டுவந்தார். நான் நிறை சொன்னேன். அவர் மறுபேச்சுப் பேசாமல் தலையாட்டினார். மனிதரை மதிக்கத் தெரிந்தவர் என்று அன்றைக்கே சேர்த்துக்கொண்டேன்.

பிறகு தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் குண்டு வெடித்த அந்த வருடம் வந்தது. நாடு முழுக்க ஆளைப் பார்க்க முதல் ஆளின் பையைப் பார்த்த காலம். பஸ்ஸில் நானாவுக்குப் பக்கத்து இருக்கை வெறுமையாக வரத் தொடங்கியது. சோதனைச் சாவடியில் என்னைப் போகச் சொல்வார்கள், அவரை இறக்குவார்கள். அவர் தாடியைக் குறைத்தார், தொப்பியை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

அது கொஞ்சம் அடங்கிய பிறகுதான் படக்காரர் வந்தார்கள்.

கொழும்பில் இருந்து வந்த தமிழ்ப் பொடியன்தான் இயக்குநர். முப்பது வயது வராது. என் எரிந்த பஸ்களைச் சுற்றிச் சுற்றி வந்து, கோயில் சிலையைத் தொடுகிற மாதிரித் தொட்டுப் பார்த்தான். தேத்தண்ணி கொடுத்துக் கதையைக் கேட்டேன். கொழும்பில் ஒரு மந்திரி. தேர்தலில் தோற்கப் போகிறார். சனத்துக்குப் பயம் வந்தால் தன்னிடம் ஓடி வரும் என்று கணக்குப் போட்டு, தன் ஆட்களை வைத்தே ஒரு பஸ்ஸில் குண்டு வைக்கிறார். வெடித்த இடத்தில் தாடியோடு ஒரு அப்பாவி வியாபாரி, கையில் பையோடு நிற்கிறான். சனம் அவனை அடித்தே கொல்கிறது. பைக்குள் பார்த்தால் பிள்ளைகளுக்கு வாங்கிய உடுப்பு. அதற்குப் பிறகு ஒரு பொலிஸ்காரி உண்மையைத் தேடிப் போகிறாள். நல்ல கதை. அந்தப் பொடியன் நல்ல நோக்கத்தோடுதான் வந்தான். அதை நான் மறைக்க மாட்டேன்.

வியாபாரியாக நடிக்க வேண்டியவர் முதல் நாளே காய்ச்சலில் விழுந்துவிட்டார். இயக்குநர் வளவுக்குள் நின்ற நானாவைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். நான் உடனே சொல்லிவிட்டேன், என் ஆள், நான் சொன்னால் செய்வார் என்று. கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என் வளவில் நான் கேட்டுவிட்டுச் சொல்கிற பழக்கம் இல்லை.

நான் சொன்னதை நானா தராசுத் தட்டில் இருந்துகொண்டு கேட்டார். நெடுநேரம் கையில் ஒட்டிய கிறீசைத் துடைத்தார்.

"அண்ணை, நான் ஒருக்காப் பையோட போன ஆள். திரும்பவும் பையோட நடக்கச் சொல்லுறியளே."

"இது படம் நானா. உம்மை மாதிரி ஆக்களுக்காகத்தான் எடுக்கிறாங்கள்."

"எனக்காக எண்டா எனக்கு வேண்டாம். உங்களுக்காக எண்டா நடக்கிறன்."

எனக்காக என்றேன். சிரித்துக்கொண்டுதான் சொன்னேன்.

காட்சிக்கு அறுபது பேர் வேண்டும் என்றார்கள். கொழும்பில் இருந்து கொண்டுவந்தால் வன்னிச் சனம் மாதிரி இருக்காது என்று நான்தான் நம் பக்கத்துச் சனத்தைச் சேர்த்துக் கொடுத்தேன். உருத்திரபுரத்தில் இருந்து ஒரு பஸ், மீதி மாங்குளம். வளவில் காஸ் வைத்து இரும்பு வெட்டுகிறவனும் சேர்ந்தான். எட்டு வருடம் எங்களிடம் வேலை செய்தவன், வெள்ளிக்கிழமைகளில் நானா வீட்டுச் சோறுதான் அவனுக்கு. எனக்கு இரும்பு கொண்டுவந்து விற்கும் ஒரு அக்காவும் வந்தா. கடைசிச் சண்டையில் தொடைக்குள் போன உருக்கு உருண்டையை டொக்டர் எடுத்துக் கொடுக்க, அதை ஒரு சின்னப் போத்தலில் போட்டு வைத்திருப்பவா. இரண்டு பிள்ளைகளை அந்த வெடியிலேயே விட்டுவிட்டு வந்தவா.

காலை பத்து மணிக்குத் தொடங்கினார்கள். எரிந்த பஸ்ஸுக்குள் வெடி. நானா பையோடு பஸ்ஸைக் கடந்து நடக்க வேண்டும், வெடித்ததும் விழ வேண்டும், சனம் சிதறி ஓடித் திரும்பி வந்து அவரை அடிக்க வேண்டும். கையில் கொடுத்தது றப்பர்த் தடி.

முதல் வெடி சீனவெடி மாதிரி. சனம் சிரித்தது. ஒரு ஆச்சி, உது பொங்கலுக்கு எங்கட பேரன் கொளுத்திறதிலும் காணாது என்றா. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. வெடிக்காரனைக் கூப்பிட்டு, இந்தச் சத்தத்துக்கு எங்கட சனம் கண்ணும் வெட்டாது என்றேன். என் வளவில் கிடந்த தகரப் பீப்பாவை உருட்டிக் கொடுத்து, அதற்குள் மருந்தைக் கூட்டி வைக்கச் சொன்னேன். பீப்பாவுக்குள் வெடித்தால் சத்தம் காதில் விழாது, நெஞ்சில் விழும். அது எனக்குத் தெரியும். எனக்குத் தெரிந்ததை நான் சொல்லாமல் விடுகிறவன் இல்லை.

அடுத்தது பை. பஞ்சு அடைத்து வைத்திருந்தார்கள். நானா தூக்கி நடக்க, அப்பளம் மாதிரிக் காற்றில் ஆடியது. பாரம் தூக்குகிறவனின் தோள் எப்படிச் சரியும், நடை எப்படி ஒரு பக்கம் இழுபடும் என்று எனக்குத் தெரியாதா. பஞ்சைப் பிடுங்கி எறிந்துவிட்டு, கைக்கு எட்டிய தகர டப்பா ஒன்றை அப்படியே பைக்குள் கவிழ்த்தேன். லொறிச் சில்லைச் சுழல வைக்கும் பெயரிங் வளையங்களை உடைத்தால் உள்ளிருந்து வருமே, அந்த உருக்கு உருண்டைகள். மேலே கொஞ்சம் போல்ட்டுக்குப் பூட்டும் சுரை, ஆணி. தூக்கிப் பார்த்தேன். ஏழு கிலோ.

நானா தோளில் போட்டு, "என்ன அண்ணை, தண்டவாளமே வைச்சிருக்கிறியள்?" என்றார்.

இரும்புதான், நடவும் என்றேன். இயக்குநர் நடையைப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக் குலுக்கினான். நீங்கள்தான் ஐயா உண்மையான டைரக்டர் என்றான். அதைக் கேட்க நன்றாகத்தான் இருந்தது.

இரண்டாவது வெடி வெடித்தது. வளவின் கூரைத் தகரமெல்லாம் அதிர்ந்தது. அறுபது பேரில் ஒருவர்கூட ஓடவில்லை. அறுபது பேரும் ஒரேயடியாக நிலத்தில் விழுந்தார்கள். முகம் மண்ணில், முழங்கை நெஞ்சுக்குக் கீழே ஊன்றி நெஞ்சு நிலத்தில் படாமல், கை காதில், வாய் திறந்து. பிள்ளைத்தாச்சி ஒருத்தி ஒருக்களித்து வயிற்றைச் சுற்றிச் சுருண்டிருந்தாள். தூசு அடங்கும் வரைக்கும் ஒருவர் தலை தூக்கவில்லை. கொழும்பில் இருந்து வந்தவர்கள்தான் நின்றார்கள், எங்கே பார்ப்பது என்று தெரியாமல்.

இயக்குநர் ஒலிபெருக்கியில், "விழாதீங்க, ஓடுங்க. பயந்தா ஓடணும்" என்றான்.

பயந்தால் ஓடுகிறவன் செத்துப்போவான், கிடக்கிறவன்தான் இருப்பான். அதைப் படித்த சனம் இது. நான் அவனுக்கு அதை விளங்கப்படுத்தினேன், பெருமையாகவே. அவன் தலையாட்டிவிட்டு, படத்துக்கு ஓடத்தான் வேண்டும் என்றான். மூன்றாவது வெடி. மறுபடியும் எல்லோரும் மண்ணில். இந்தமுறை எழும்பும்போது நாலைந்து பெண்கள் அழுதார்கள். ஒரு வயதான மனிதர் கட்டியிருந்த சாரம் நனைந்திருந்தது. யாரும் யாரையும் பார்க்கவில்லை. போத்தல் வைத்திருக்கும் அக்கா என்னிடம் வந்து, போதும் தம்பி, உடம்பு கேக்குதில்லை என்றா.

அப்போது நிறுத்தியிருக்க வேண்டும். என் வளவு, என் சனம், நான் கையைத் தூக்கியிருந்தால் நின்றிருக்கும். நான் எல்லோருக்கும் சோடா கொடுக்கச் சொல்லிவிட்டு, இன்னும் ஒருக்கா, ஒரேயொருக்கா என்றேன்.

நாலாவது வெடி. சனம் விழுந்தது. நானாவும் சொன்னபடி விழுந்தார், கமரா முகத்தைப் பார்க்க வேண்டும் என்பதால் மல்லாக்க. விழுந்த வேகத்தில் அந்தப் பழைய பையின் தையல் கிழிந்தது.

உருண்டைகள் வெளியே வந்தன. வளவுத் தரை வண்டி ஓடி ஓடி இறுகிப்போன தரை, கொஞ்சம் சரிவு. நூற்றுக்கணக்கான உருக்கு உருண்டைகள் வெயிலில் மினுங்கிக்கொண்டு உருண்டு உருண்டு, நிலத்தில் முகம் வைத்துக் கிடந்த சனத்தின் முகத்துக்கு நேரே போயின. நின்றிருந்தால் காலடியில் போயிருக்கும், யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். கிடந்தபடியால் கண்ணுக்கு முன்னால் போயின. காதடைத்து, வாய் திறந்து, மூன்றாம் முறை செத்துப் பிழைத்துக் கிடக்கும் சனத்துக்கு முன்னால். அந்த உருண்டை என்ன செய்யும் என்று அவர்களுக்குத் தெரியும். பாதிப் பேரின் உடம்பில் இப்போதும் கிடக்கிறது.

அக்கா ஒரு உருண்டையைக் கையில் எடுத்தா. இது உண்மை, உண்மைக் குண்டு என்று ஒரு சத்தம் வைத்தா. அது மனிதச் சத்தமாக இல்லை.

முதலில் எழும்பியவன் காஸ் வெட்டுகிறவன். அவன் கையில் றப்பர்த் தடி இருந்தது. அதை எறிந்துவிட்டு, லொறிக்குப் பக்கத்தில் கிடந்த சில்லுக் கழற்றும் இரும்பை எடுத்தான். பிறகு அவனுக்குப் பின்னால் எல்லோரும். முதல் அடி நானாவின் நெற்றியில் விழுந்தது. அடுத்தது கண்ணில். கல், சோடாப் போத்தல், இரும்புக் குழாய், எதுவும் கிடைக்காதவன் காலால். என் வளவில் ஆயுதத்துக்குப் பஞ்சம் இல்லையே. சனத்தின் மூச்சு மட்டும் கேட்டது, விறகு பிளக்கிறவர்களின் மூச்சு மாதிரி.

நான் கமராவுக்குப் பின்னால் கதிரையில் இருந்தேன். நானா, "அண்ணை" என்று கூப்பிட்டார். கதையில் அவருக்குப் பேச்சு இல்லை. அதையும் சேர்த்து நல்ல நடிப்பு என்று நான் நினைத்தேன். நான் கைதட்டினேன். இயக்குநரும் தட்டினான்.

பிறகு நானா திரும்பிப் படுத்தார். மல்லாக்கக் கிடக்கச் சொன்னவர், குப்புறப் புரண்டு முழங்கையை நெஞ்சுக்குக் கீழே ஊன்றி வாயைத் திறந்தார். கைகளால் காதை மூடப் பார்த்தார், ஒரு கை வரவில்லை. அதைக் கண்ட பிறகுதான் எனக்கு விளங்கியது. நடிக்கிறவன் அப்படிப் படுக்க மாட்டான்.

அறுபத்தாறு வயதில் நான் பாய்ந்த பாய்ச்சலை அங்கே நின்றவர்கள் இன்றைக்கும் சொல்வார்கள். குழாயொன்றைப் பிடுங்கி நாலு பேரைச் சாய்த்தேன். காஸ் வெட்டுகிறவனின் மணிக்கட்டை உடைத்தேன், உடைந்த சத்தம் கேட்டது. என் தோளில் ஒரு அடி விழுந்தது, அந்தக் கை இப்போதும் தலைக்கு மேலே போகாது. நானாவுக்கு மேலே விழுந்து கிடந்தேன். எனக்குக் கீழே அவர் உடம்பு சூடாக, ஈரமாக இருந்தது. என் முதுகில் மூன்று நாலு அடி விழுந்த பிறகுதான் ஆர் என்று பார்த்து நிறுத்தினார்கள். நின்ற பிறகு எல்லோரும் தங்கள் கையைப் பார்த்தார்கள். சிலர் சத்தி எடுத்தார்கள். காஸ் வெட்டுகிறவன் உடைந்த கையைப் பிடித்துக்கொண்டு, நானா, நானா என்று நிலத்தில் குந்தித் தலையில் அடித்தான்.

இடையில் யாரோ பொலிஸுக்குப் போன் அடித்துச் சொல்லியிருக்கிறார்கள். பையில் குண்டு வைத்திருந்த ஒருவன் பிடிபட்டுவிட்டான் என்று. பொலிஸும் ஆமியும் வந்து வளவைச் சுற்றி நின்றார்கள். நானாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், விலங்கோடு. ஒரு கண் போய்விட்டது, மூன்று விலா எலும்பு உடைந்திருந்தது. சத்திரசிகிச்சை முடித்துக் கட்டிலில் போட்ட பிறகும் ஒரு கை கட்டில் கம்பியோடு விலங்கில் இருந்தது.

படக்காரர் சொன்னார்கள், நாங்கள் வைத்தது பஞ்சு, இரும்பு எப்படி வந்தது என்று தெரியாது என்று. அது பொய் இல்லை. நான் என்ன அடைத்தேன் என்று அவர்கள் பார்க்கவில்லை, நடையைத்தான் பார்த்தார்கள். என் மருமகன் வவுனியாவில் ஒரு வழக்கறிஞரிடம் பேசிவிட்டு வந்து, மாமா, நீங்கள் வாய் திறக்காதேங்கோ என்றான். உருக்கு உருண்டையும் வெடிமருந்தும் ஒரே வளவில், பீப்பாவைக் கொடுத்தது நான், பையை நிரப்பியது நான். பயங்கரவாதச் சட்டத்தில் என்னைக் கொண்டுபோனால் எப்போது விடுவார்கள் என்று யாருக்கும் தெரியாது. வளவும் போகும். சைக்கிளில் தொடங்கியதெல்லாம் போகும்.

அடுத்த நாள் மத்தியானம் முழுக்க ஆஸ்பத்திரி வாசலில் மரத்துக்குக் கீழே நின்றேன். கண்ணிவெடி வயலுக்குள் நடந்த கால் அன்றைக்கு நூறு அடி நடக்கவில்லை. நாலு மணிக்கு நானாவின் மனுசி வெளியே வந்தா. மயக்கம் தெளிந்ததும் பொலிஸ் அதிகாரி மூன்று முறை கேட்டாராம், இரும்பை ஆர் வைத்தது என்று. நானா மூன்று முறையும் தெரியாது என்றாராம். அவா என் முகத்தைப் பார்த்தா. அவாவுக்கு எல்லாம் தெரியும் என்று அந்தப் பார்வையில் இருந்தது.

உள்ளே போனேன். கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரையில் இருந்த அதிகாரியிடம் சொன்னேன், நான்தான் வைத்தேன், படத்தில் பாரமாகத் தெரிய வேண்டும் என்று வைத்தேன், இவருக்கு உள்ளே என்ன இருக்கிறது என்றுகூடத் தெரியாது. நானாவின் ஒரு கண் கட்டுக்குள் இருந்தது. மற்றக் கண் என்னைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டது.

என்னைப் பதினொரு நாள் தடுத்து வைத்திருந்தார்கள். அடித்தார்களா என்று கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை. வளவில் இருந்த இரும்பு மலையெல்லாவற்றையும் கொட்டிக் கிளறினார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. என் வளவு சுத்தமான வளவு. நானாவின் விலங்கை மூன்றாம் நாள் கழற்றினார்கள் என்று பிறகு அறிந்தேன். காஸ் வெட்டுகிறவனைத் திரும்ப வேலைக்கு எடுக்க நான் மறுத்தேன். நானாதான் ஆள் அனுப்பி எடுக்கச் சொன்னார். அவன் கண்டது உருண்டையை, என்னை இல்லை என்று சொல்லிவிட்டாராம்.

சில மாதம் கழித்து இயக்குநர் வந்தான். மெலிந்து போயிருந்தான். நாலாவது வெடிக்குப் பிறகு நடந்தது முழுவதும் கமராவில் இருக்கிறது, யாரும் நிறுத்தவில்லை என்றான். படத்தில் அதைப் போட வேண்டும், பயம் மனிதரை என்ன செய்யும் என்று அதைவிட உண்மையாகக் காட்ட முடியாது, ஆனால் நானா சம்மதிக்காமல் போட மாட்டேன் என்றான். கமராவோடு சேர்த்து உன்னையும் கொளுத்துவேன் என்று நான் எழும்பினேன். நானா கையைக் காட்டி என்னை இருத்தினார்.

"போடட்டும் அண்ணை. ஆனா ஒண்டு. பைக்குள்ள இரும்பு வைச்சது ஆரெண்டதையும் அதில போடச் சொல்லுங்கோ."

என்னைப் பார்த்துத்தான் சொன்னார். அதற்குப் பிறகு ஒரு வருடத்துக்கு மேலாக வளவுக்கு வரவில்லை.

படம் வந்தது. கிளிநொச்சியில் ஒரு மண்டபத்தில் காட்டினார்கள். அந்தக் காட்சி இருந்தது. நானா அண்ணை என்று கூப்பிடுவதும் இருந்தது. எனக்குப் பக்கத்தில் இருந்த ஒருவர், என்னமாதிரி நடிக்கிறான் மனுசன் என்றார். படத்தில் பையைத் திறக்கும்போது உடுப்புத்தான் இருந்தது. உடுப்பு இருந்தால்தான் கதை. இரும்பு வைத்தது யார் என்று எங்கேயும் இல்லை, கடைசியில் பெயர்கள் ஓடுகிற இடத்திலும் இல்லை. வளவு தந்து உதவியவர் என்று என் பெயர் மட்டும் பெரிதாக ஓடியது. என் பெயரைத் திரையில் பார்க்க வேண்டும் என்று எனக்கு எவ்வளவு ஆசை இருந்தது என்று நானாவுக்கு மட்டும்தான் தெரியும்.

படத்தில் போடாததை நான் எழுதத் தொடங்கினேன். நாலாம் வகுப்புக் கையெழுத்து, கொப்பியில் மூன்று மாதம். எழுதி முடித்து ஆள் அனுப்பினேன். நானா வந்தார். தராசுக்கு அந்தப் பக்கத்தில், நல்ல கண் என் பக்கம் இருக்கும்படி கதிரையைத் திருப்பிப் போட்டு இருந்தார். நான் முழுவதையும் வாசித்தேன். கைதட்டிய இடத்தை இரண்டு முறை வாசித்தேன். முடிந்த பிறகு அவர் கொப்பியை வாங்கிப் பார்த்தார்.

"ஒரு பிழை இருக்கு அண்ணை. ஏழு கிலோ எண்டு போட்டிருக்கிறியள். பதினொண்டு. தூக்கினவன் நான்."

பைக்குள் அன்றைக்குக் கவிழ்த்ததைப் போல ஒரு டப்பா நிறைய உருண்டையும், மேலே போட்ட சுரை ஆணியும் எடுத்துத் தட்டில் வைத்தோம். பதினொன்றைக் காட்டி முள் நின்றது. ஏழு என்று எழுதிய இடத்தை நான் வெட்டவில்லை. அப்படியே விட்டிருக்கிறேன், நீங்களும் பாருங்கள் என்று.